களஞ்சியக்காரர் பதில்கள்: இக்கெம் தன் பெயரைக் கொடுக்க மறுத்த ஆண்டு

கேள்வி: ஐயா, என் தம்பி பாரிஸில் லா ஷப்பல் பக்கம் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்தால் ஏதாவது ஒரு புதினம் இல்லாமல் வைக்க மாட்டான். போர்டோவில் ஒரு பழைய தோட்டம் இருக்கிறதாம். மழை கெடுத்துவிட்டது என்று 2012ஆம் ஆண்டு வைன் முழுவதையும் கானுக்குள் ஊற்றிவிட்டார்களாம். கோடிக்கணக்கான பணத்தை யாராவது கானில் ஊற்றுவார்களா? இவன் அளக்கிறானா, உண்மையா?
க. சி., வெள்ளவத்தை

பதில்: பாதி அளந்திருக்கிறார். மீதிப் பாதி உண்மை, அந்தப் பாதிதான் சுவையானது.

தம்பி சொன்ன தோட்டம் ஷாத்தோ திக்கெம். சுருக்கி இக்கெம் என்றே எழுதுகிறேன். போர்டோ நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில், சோதேர்ன் என்ற சிற்றூரில், ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. இனிப்பு வெள்ளை வைனில் அதற்கு மேற்பட்ட பெயர் உலகில் வேறு இல்லை. 2012ஆம் ஆண்டு அறுவடையில் இக்கெம் என்ற பெயரோடு ஒரு போத்தலும் வெளிவராது என்று அதன் நிர்வாகி பியேர் லுர்தோன் அந்த ஆண்டு டிசெம்பரிலேயே அறிவித்துவிட்டார். அதுவரை தம்பிக்கு வெற்றி. கானில் ஊற்றியது மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு. தரம் போதாத வைனை இப்படிப்பட்ட தோட்டங்கள் கொட்டுவதில்லை. பெயர்ச்சீட்டு ஒட்டாமல், ஊர் தெரியாமல், மொத்த வியாபாரியின் பீப்பாய்க்கு அனுப்பிவிடுவார்கள். யாரோ ஒருவர் எங்கேயோ அதை மலிவு விலைக்கு வாங்கிக் குடித்திருப்பார், என்ன குடிக்கிறோம் என்று தெரியாமல்.

மழை கெடுத்தது என்கிறோமே, எப்படிக் கெடுத்தது? இதை விளங்கிக்கொள்ள அந்தத் தோட்டத்தின் விசித்திரமான தொழிலைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற இடங்களில் பழத்தில் பூஞ்சணம் பிடித்தால் கமக்காரன் தலையில் கை வைப்பான். இக்கெமில் பூஞ்சணம் பிடிக்காவிட்டால் தலையில் கை வைக்கிறார்கள். சீரோன் என்று ஒரு சிற்றாறு, குளிர்ந்த நீர். அது கரோன் பேராற்றோடு சேரும் இடத்தில் இலையுதிர் காலத்து விடியற்காலையில் மூடுபனி எழுந்து தோட்டங்களை மூடுகிறது. மத்தியானத்தில் வெயில் வந்து அதைக் கலைக்கிறது. காலை ஈரம், மாலை உலர்ச்சி என்ற இந்தக் கணக்கு ஒழுங்காக நடந்தால் பொத்ரைத்திஸ் சினெரியா என்ற பங்கசு பழத்தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போட்டு உள்ளே போகும். துளை வழியே நீர் ஆவியாகிவிடும். சீனியும் புளிப்பும் வாசனையும் உள்ளே நின்று இறுகும்.

அந்த நேரத்தில் ஒரு குலையைக் கையில் எடுத்தால் மூன்று நான்கு வயதுப் பழங்கள் ஒன்றாக இருக்கும். ஒரு பக்கம் பொன்னிறமாகப் பழுத்து, தோல் இறுகியது. பக்கத்திலேயே ஊதாவும் மண்ணிறமுமாக மாறியது. பங்கசு உள்ளே போய்விட்டது, இன்னும் வற்றவில்லை. அதற்கும் கீழே, சுருங்கிச் சூம்பி, மேலே சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் படர்ந்தது. பார்த்தால் குப்பையில் போடத் தோன்றும். அவர்களுக்கு வேண்டியது அதுதான். பழம் பறிப்பவர் சிறிய கத்தரிக்கோலோடு கொடியின் முன் குனிந்து, அந்தச் சூம்பலை மட்டும் வெட்டிக் கூடையில் போட்டுவிட்டு, மற்றவற்றைக் கொடியிலேயே விட்டுப் போவார். சில நாள் கழித்து அதே கொடிக்கு மறுபடியும் வருவார். பிறகு மறுபடியும். ஒரு பருவத்தில் ஐந்து, ஆறு சுற்று சாதாரணம். இப்படிச் செய்தால் எவ்வளவு மிஞ்சும்? ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் வைன் என்பது அங்கே வழக்கில் உள்ள கணக்கு. சோதேர்ன் பகுதிக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச விளைச்சலே ஹெக்டேயருக்கு 25 ஹெக்டோலீற்றர்தான் (ஒரு ஹெக்டோலீற்றர் என்றால் 100 லீற்றர்). இக்கெம் சராசரியாகப் பத்தைக்கூட எட்டுவதில்லை.

இனி 2012க்கு வாருங்கள். இளவேனில் குளிரும் மழையுமாகப் போனது. பூக்கள் ஒரே சீராக விரியவில்லை. அதனால் ஒரே கொடியில் பழங்கள் முன்னும் பின்னுமாகப் பழுத்தன. கோடையின் பின்பகுதி வறண்டதால் பங்கசுக்கு ஈரம் போதவில்லை, வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. காத்திருந்தார்கள். ஒக்டோபரில் அது வரத் தொடங்கியபோது பெருமழையும் கூடவே வந்தது. துளை விழுந்த பழத்தின்மேல் மழை பெய்தால் நடப்பது இரண்டு. வற்றிய பழம் நீரைத் திரும்பக் குடிக்கும். இறுகிய சீனி நீர்த்துப்போகும். இரண்டாவது, நல்ல பங்கசுக்குப் பின்னால் வேறு பூஞ்சணங்களும் காடிப் பற்றீரியாவும் அதே துளை வழியே நுழைந்து பழத்தைப் புளிக்க வைக்கும். பங்கசு அதே பங்கசுதான். ஒரு கிழமை வெயில் கூடவே இருந்தால் செல்வம், ஒரு கிழமை மழை கூடவே இருந்தால் அழுகல்.

அந்த ஆண்டு இக்கெம் மட்டும் ஒதுங்கவில்லை. அயலிலுள்ள ரியூசெக், சுய்திரோ என்ற பெரிய தோட்டங்களும் தங்கள் பெயரில் 2012 இனிப்பு வைனை வெளியிடவில்லை. ஆனால் இக்கெமுக்கு இது புதிதல்ல. 1910, 1915, 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992 ஆகிய ஆண்டுகளுக்கும் இக்கெம் கிடையாது. யாராவது உங்களிடம் 1964ஆம் ஆண்டு இக்கெம் போத்தல் ஒன்றை விற்க வந்தால், பேசிக்கொண்டே பொலிஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மறுப்பைப் பற்றி வைன் எழுத்தாளர்கள் உருகி உருகி எழுதுவார்கள்; துறவு, தியாகம் என்றெல்லாம். எனக்கு அந்த உருக்கம் ஒத்துவராது. 2012இல் தோட்டத்தின் சொந்தக்காரர் யார்? எல்விஎம்எச். கைப்பை, வாசனைத் திரவியம், வைரம், சம்பேன் எல்லாம் விற்கும் குழுமம். 1996இல் குடும்பத்துக்குள் பங்குச் சண்டை மூண்டபோது பெரும்பங்கை வாங்க உள்ளே வந்தது, 1999இல் வழக்கு வம்பு தீர்ந்து கட்டுப்பாட்டை எடுத்தது. ஓர் ஆண்டு வைன் இல்லையென்றால் அங்கே யாருடைய வீட்டிலும் உலை கொதிக்காமல் இருக்காது. அது மட்டுமா, வெளியிடாத ஆண்டு வெளியிட்ட ஆண்டுகளின் விலையைக் காப்பாற்றுகிறது. நல்ல வியாபாரம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். தியாகம் என்று சொல்லாதீர்கள்.

நான் தொப்பி கழற்றுவது 1972க்கும் 1974க்கும். அப்போது குழுமம் கிடையாது, லுர் சாலூஸ் குடும்பத்தின் கையில் தோட்டம். அலெக்சாந்திர் து லுர் சாலூஸ் என்பவர் 1968இல் பொறுப்பெடுத்திருந்தார். இனிப்பு வைனை யாரும் விரும்பாத காலம் அது. பல சுற்றுப் பறிக்கக் கூலி கொடுக்க முடியாமல் அயல் தோட்டங்கள் ஒரே தடவையில் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போயின. போர்டோ முழுவதும் வைன் விலை விழுந்து கிடந்தது. அந்த நெருக்கடியில், மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டு, "இது எங்கள் பெயருக்குப் போதாது" என்று வைத்துவிட்டார்கள். பணம் இருக்கும்போது மறுப்பதும் இல்லாதபோது மறுப்பதும் ஒரே கணக்கில் எழுதக்கூடியவை அல்ல. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு அவர் வேறு கதை கொண்டுவரட்டும்.

கேள்வி: போன இதழில் நீங்கள் சோதேர்ன் வைன் பூஞ்சணம் பிடித்த பழத்தில் செய்வது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நத்தாருக்கு நாங்கள் வீட்டில் முந்திரிகைப்பழ (திராட்சை) வைன் போடுவது வழக்கம். குளிர்சாதனப் பெட்டியில் மறந்துபோன இரண்டு கிலோ பழத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. வீணாக்காமல் போடலாமா?
கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: அம்மா, உடனே எறியுங்கள். இந்த வரியை வாசித்து முடிக்கும் முன்பே எறிந்தால் நல்லது.

கொழும்பில் ஒரு பழத்தின்மேல் படரும் பச்சைப் பூஞ்சணமும் கறுப்புப் பூஞ்சணமும் பெரும்பாலும் வேறு சாதி. சிலவற்றில் நஞ்சு உண்டு. புளிக்க வைத்தாலும் அது போகாது. சோதேர்னில் உள்ளதே வந்திருந்தாலும் பயனில்லை. அங்கே அது கொடியில் நிற்கும் பழுத்த பழத்தில், உலர்ந்த பின்னேரக் காற்றில் வேலை செய்கிறது. கொட்டாஞ்சேனையில் பின்னேரம் உலர்ந்து நான் பார்த்ததில்லை. அந்த வேலையை உங்கள் பெட்டியின் மரக்கறித் தட்டு செய்யாது.

நல்ல பழம் வாங்கி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, நசிந்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் போடுங்கள். சாடியை வாய்வரை நிரப்பாதீர்கள், மூடியை இறுக்கவும் வேண்டாம். வாயு வெளியேற வழி வேண்டும். இறுக்கிய மூடி வெடித்து முகட்டில் சாயம் பூசிய வீடுகளை எனக்குத் தெரியும்.

கேள்வி: என் தகப்பனார் இணுவிலில் முந்திரிகைத் தோட்டம் வைத்திருந்தவர். கார்த்திகை மழையில் பழம் வெடித்து, பூஞ்சணம் பிடித்து, ஒரு பந்தல் முழுவதும் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிரான்ஸ்காரருக்கு மருந்து இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, பணம் இருக்கிறது. அவர்களும் மழைக்கும் குளிருக்கும் தோற்கிறார்கள் என்றால் எப்படி?
செ. ந., தெஹிவளை

பதில்: நானும் பந்தலுக்குக் கீழ் வளர்ந்தவன்தான். ஆகையால் இதற்குக் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்லுகிறேன்.

நமக்கு மழை ஒன்றுதான் எதிரி. அதைக்கூட நாம் ஓரளவு ஏமாற்றலாம். யாழ்ப்பாணத்தில் கொடி உறங்குவதில்லை. எப்போது வெட்டுகிறோமோ அப்போது துளிர்க்கும். வெட்டியதிலிருந்து மூன்று, மூன்றரை மாதத்தில் பழம். மாரிக்கு முன் பறித்துவிடும்படி கணக்குப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். கணக்கு ஒரு கிழமை பிசகினாலோ, மழை ஒரு கிழமை முந்தினாலோ, உங்கள் தகப்பனாருக்கு நடந்தது நடக்கும். பிரான்ஸில் இந்தச் சலுகை கிடையாது. ஆண்டுக்கு ஒரே பருவம், ஒரே பழம். கை தவறினால் அடுத்த ஒக்டோபர்வரை போக வேண்டும்.

அதற்குள் எத்தனை கண்டங்கள் என்று பாருங்கள். ஏப்ரலில் துளிர் வந்த பிறகு உறைபனி. வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே இரண்டு பாகை போனாலே இளந்துளிர் கருகிவிடும். 2021இல் மார்ச் மாதம் வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்தது. கொடிகள் ஏமாந்து முன்கூட்டியே துளிர்த்தன. ஏப்ரல் முதல் பாதியில் உறைபனி விழுந்து பிரான்ஸின் பெரும்பகுதியில் துளிரை எடுத்துக்கொண்டு போனது. இரவில் வரிசை வரிசையாகத் தோட்டத்துக்குள் மெழுகுச் சட்டிகளைக் கொளுத்தி வைத்துக்கொண்டு மனிதர்கள் விடியும்வரை விழித்திருந்தார்கள். 1991இலும் 2017இலும் ஏப்ரல் இதையே செய்தது. 1956 பெப்ரவரியில் வந்த கடுங்குளிர் துளிரோடு நிற்கவில்லை, போர்டோவில் கொடியையே கொன்றது. பிடுங்கிவிட்டு மறுபடி நட வேண்டியிருந்தது. உறைபனிக்குத் தப்பினால் ஜூனில் பூக்கும் நேரத்து மழை. அதற்குத் தப்பினால் ஆலங்கட்டி. அதற்கும் தப்பினால் இலை நோய்.

மருந்து என்றீர்கள். நம் பந்தல்களில் அடித்த போடோக் கலவை பிறந்த இடமே அந்த ஊர்தான். மயில்துத்தமும் (செம்புச் சல்பேற்று) சுண்ணாம்பும் சேர்ந்த நீலக் கலவை. 1870களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து அடிச்சாம்பல் நோய் பிரான்ஸுக்கு வந்து இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தது. சென் ஜூலியென் பக்கத்தில் வழிப்போக்கர் பழத்தைப் பிடுங்காமல் இருக்க, வீதியோரக் கொடிகளில் மட்டும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைப்பார்கள். பார்க்க நஞ்சு தெரியும், கள்வன் கை வைக்க மாட்டான். 1882இல் அந்தப் பக்கம் போன பேராசிரியர் மில்லார்தே, வீதியோரக் கொடிகளில் மட்டும் இலை நிற்பதைக் கண்டார். சோதித்துப் பார்த்து 1885இல் உலகுக்குச் சொன்னார். கள்வனுக்காக வைத்த நீலம் நோயைப் பிடித்தது.

எங்கள் வீட்டில் அப்பா கலக்கும் முறை இது. இரும்பு வாளி ஆகாது. மண் பானை அல்லது பிளாஸ்ரிக் தொட்டி. மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லீற்றர். துத்தத்தைத் தனியாக, சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்துப் பிறகுதான் ஒன்றாக்க வேண்டும். கலந்ததும் அவர் மடக்குக் கத்தியைத் துடைத்து அலகைக் கலவைக்குள் சிறிது நேரம் பிடிப்பார். வெளியே எடுத்தால் அலகில் செம்பு நிறம் படிந்திருக்கக்கூடாது. படிந்திருந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, இலை கருகும்; இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால். அலகு வெள்ளையாகவே வரும்வரை எங்களை விசிறியைத் தொட விட மாட்டார். மருந்தடித்த நாளில் நகக் கண்ணெல்லாம் நீலம். பள்ளிக்கூடத்தில் பார்த்தவுடனேயே தோட்டக்காரன் பிள்ளை என்று தெரியும். ஆனால் கவனியுங்கள், இந்த மருந்து வருமுன் காப்பது. இலைமேல் படிந்து நிற்கும்வரைதான் காவல். தொடர் மழை கழுவிவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும், மழையோ விடுவதில்லை. பணக்காரத் தோட்டத்துக்கும் இதே நியாயம்தான்.

மலையகத்து வாசகர்களுக்கு இங்கே ஒரு சிறு குறுக்கீடு. இலங்கைக் கோப்பியைத் துரு நோய் பிடித்தது 1869இல். அது ஒரு பங்கசு. ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்ஸின் கொடிகளைப் பிலொக்செரா என்ற வேர்ப் பேன் தின்றுகொண்டிருந்தது. பிரான்ஸ்காரர் அமெரிக்க வேரில் தங்கள் கொடியை ஒட்டுப்போட்டுத் தப்பினார்கள். கோப்பிக்கு அப்படி ஒரு வழி கிடைக்கவில்லை. செம்பு மருந்தும் பிந்திவிட்டது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. கோப்பிக்காகக் கடல் கடந்து நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் கொழுந்துக் கூடை தூக்கினார்கள். பிறகு 1946இல் தேயிலைக்கே கொப்புள நோய் வந்தபோது கைகொடுத்தது செம்பு மருந்துதான்.

சரி, மழைக்குத் தோட்டத்தையே மூடிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கேட்டிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் போர்டோவின் வலது கரையிலுள்ள வலாந்திரோ என்ற தோட்டம், மழை நீர் வேருக்குப் போகாமல் ஒரு பகுதியில் கொடி வரிசைகளுக்கிடையே பிளாஸ்ரிக் விரித்தது. ஊர்ப் பெயரைக் காக்கும் அதிகாரசபை ஒப்பவில்லை. இயற்கை கொடுத்ததை மாற்றினால் ஊர்ப் பெயரைப் போடக்கூடாது என்றது. அந்தப் பகுதி வைன் வெறும் மேசை வைன் என்ற தரத்தில்தான் விற்பனைக்கு வந்தது. தடை செய்யப்பட்டது என்று பொருள்படும் பெயரையே அதற்கு வைத்தார்கள், குறும்புக்குக் குறைவில்லை. இக்கெம் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்ததை மண்ணுக்கடியில் செய்திருக்கிறது: களிமண் நீரைப் பிடித்து வைக்காமல் இருக்க, 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி ஏறத்தாழ 100 கிலோமீற்றர் நீளத்துக்கு வடிகால் குழாய்களைப் புதைத்திருக்கிறார்கள். அவ்வளவும் கீழே கிடந்தும் 2012 ஒக்டோபரில் மழை பழத்தின்மேல்தான் பெய்தது.

உங்கள் தகப்பனாருக்கும் லுர்தோனுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே கேள்வியில் சொல்லிவிட்டீர்கள். பந்தல் போன கமக்காரர் மறுநாள் காலை வெடித்த பழத்தில் தேறியதைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கித் திருநெல்வேலிச் சந்தைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். "இந்த ஆண்டு என் பெயரில் பழம் இல்லை" என்று அவர் அறிவிக்க முடியாது. மருந்துக் கடையில் கடன் இருக்கிறது.

கேள்வி: ஹோட்டல் கல்லூரியில் படிக்கிறேன். நேர்முகத்தில் 1855ஆம் ஆண்டுத் தரவரிசையைக் கேட்டார்கள், விழித்தேன். சுருக்கமாகச் சொல்வீர்களா அண்ணா? இக்கெமின் வரலாறும் வேண்டும்.
கல்கிசை மாணவர்

பதில்: தம்பி, மூன்றாம் நெப்போலியன் 1855இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடத்தினான். போர்டோ வைன்களைத் தரப்படுத்திக் காட்ட வேண்டும் என்று வந்தபோது தரகர்கள் நாக்கை நம்பவில்லை, விலைக் கணக்கை நம்பினார்கள். நெடுங்காலமாக எது எந்த விலைக்குப் போனதோ அதுவே வரிசை. சிவப்பு வைனுக்கு ஐந்து படிகள். முதற்படியில் லஃபித், லத்தூர், மார்கோ, ஓ பிரியோன். 1973இல் மூத்தோன் இரண்டாம் படியிலிருந்து ஏறி அவர்களோடு சேர்ந்தது. சோதேர்ன், பர்சாக் இனிப்பு வைன்களுக்குத் தனி வரிசை. அதில் இக்கெமுக்கு மட்டும் முதற்படிக்கும் மேலே ஒரு தனிப்படி. நேர்முகத்தில் இந்தக் கடைசி வரியைச் சொன்னால் போதும், கேட்டவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

வரலாறு: 1593இல் சொவாஜ் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1785இல் அந்த வீட்டுப் பெண் பிரான்சுவாஸ் ஜோசபீன், லுர் சாலூஸ் குடும்பத்தில் திருமணம் செய்தார். மூன்று ஆண்டில் கணவர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு புரட்சி. பிரபு வம்சத்து விதவை, கையில் பெரிய தோட்டம், சிறையும் பார்த்தார். தலையும் தப்பியது, தோட்டமும் தப்பியது. 1826இல் புதிய நிலவறை கட்டினார். அமெரிக்காவின் தோமஸ் ஜெபர்சன் 1784ஆம் ஆண்டு இக்கெமை வரவழைத்துக் குடித்தது இவர் காலத்தில். புத்தகங்கள் ஜெபர்சனுக்கு ஒரு பக்கம் கொடுத்துவிட்டு இந்தப் பெண்ணுக்கு ஒரு வரி கொடுக்கும். நீ அதைத் திருப்பிச் செய்.

விலை பற்றிக் கேட்டால்: 1811ஆம் ஆண்டுப் போத்தல் ஒன்று 2011இல் இலண்டனில் 75,000 பவுணுக்கு விற்றது.

கேள்வி: அரிசியில் வண்டு வராமல் காப்பது, மிளகாய்த் தூள் பூக்காமல் வைப்பது என்று பயனுள்ளதாக எழுதிக்கொண்டிருந்தவர், குடிவகை எழுதத் தொடங்கிவிட்டீர்கள். குடும்பப் பத்திரிகைக்கு இது தேவையா?
மருதானை வாசகர்

பதில்: 2006ஆம் ஆண்டின் சட்டம் மது விளம்பரத்தைத் தடுக்கிறது, நான் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். வாங்குங்கள் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை, குடியுங்கள் என்றும் எழுதவில்லை. எழுதியது மழையைப் பற்றியும் பூஞ்சணத்தைப் பற்றியும். ஆனாலும் உங்கள் கண்டிப்பு நியாயமானது. அடுத்த இதழில் பெருங்காயமும் புளியும் உண்டு.

கேள்வி: மருமகன் பிரான்ஸிலிருந்து வந்தபோது சோதேர்ன் அரைப் போத்தல் ஒன்று கொண்டுவந்தார். இக்கெம் அல்ல, சாதாரணம்தான். தைப்பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது திறக்கலாம் என்று அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். சரியா? எதனோடு கொடுப்பது? வட்டிலப்பம் செய்யட்டுமா?
பம்பலப்பிட்டி வாசகி

பதில்: நான் களஞ்சியத்தில் இருந்த காலத்தில் ஒரு விருந்து முடிந்து, இக்கெம் போத்தலின் அடியில் இரண்டு விரல் உயரம் மிஞ்சி வந்தது. பழைய ஆண்டு, வெள்ளை வைன் என்று சொன்னால் நம்ப முடியாதபடி கித்துள் பாணியின் நிறத்துக்கு இறங்கியிருந்தது. மேற்பார்வையாளர் எனக்கும் ஒரு வாய் விட்டுவைத்தார். முதலில் இனிப்பு, தோடம்பழத் தோல். விழுங்கிய பிறகு ஒரு புளிப்பு எழுந்து அந்த இனிப்பைத் துடைத்துக்கொண்டு போனது. இனிப்பு வைனில் நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது அந்தப் புளிப்புத்தான். அது இல்லையென்றால் வெறும் சர்பத்து.

ஆகவே வட்டிலப்பத்தோடு கொடுக்காதீர்கள். இரண்டு இனிப்பும் மோதி, வைன் சப்பென்று நிற்கும். பிரெஞ்சுக்காரர் இதை ரொக்ஃபோர் என்ற, உப்புக் கரிக்கும் நீலப் பூஞ்சணச் சீஸோடு சாப்பிடுவார்கள். உப்புக்கும் இனிப்புக்கும் பொருத்தம் உண்டு. நம் வீட்டில் உப்புப் போட்டு வறுத்த கஜு போதும். என்னைக் கேட்டால் உறைப்பான இறால் வடையைச் சொல்வேன். காலிமுகத்திடலில் விற்பதே நல்லது. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள், திடலில் வைத்துப் போத்தலைத் திறந்தால் பொலிஸ் வரும். மதிய உணவு முடிந்த பிறகு, சிறிய கிளாஸில், குளிர்ச்சியாக. ஆனால் ஐஸ் போடக்கூடாது. மிஞ்சினால் தக்கையை அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஒரு கிழமைக்குக் குறையாமல் நிற்கும். சீனி அதைக் காக்கும்.

அலுமாரிக்கு மேலே இருப்பதை இன்றைக்கே இறக்குங்கள். கொழும்பு வீட்டில் மிகச் சூடான இடம் அதுதான். பகலில் முகட்டுச் சூடு, இரவில் மின்விசிறி. இந்த ஏற்ற இறக்கத்தில் தக்கை தளர்ந்து காற்று நுழைந்துவிடும். ஈரத் துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், படுக்கையாக, கதவுப் பக்கம் அல்லாமல் உட்பக்கமாக வையுங்கள். பொங்கல் வரை அப்படியே கிடக்கட்டும். மருமகன் கேட்டால் முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது என்று சொல்லிவிடுங்கள்.